வெல்கா கலைத்த மௌனம்

லீகோ பண்டிகையன்று அலுவலகத்தில் இருக்கிறேன் என்று தானாகக் கை தூக்கிய ஆள் எங்கள் வெளியுறவு அமைச்சகத்தில் வெல்கா ஒருத்திதான். ஜூன் இருபத்து மூன்றாம் தேதி எங்கள் லாட்வியாவில் எவன் வேலை செய்வான்? காலையிலேயே ரீகா நகரம் காலியாகிவிடும். பீர் பெட்டிகளையும் சீமைச்சீரகம் போட்ட சீஸையும் காரில் ஏற்றிக்கொண்டு, தலையில் ஓக் இலைக் கிரீடத்தோடு, நாடே காட்டுப்பக்கம் போய் நெருப்பைச் சுற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். பிரதமரே கூப்பிட்டாலும் போனை எடுக்க ஆள் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் அவள் கை தூக்கியபோதே அவளுடைய மேலதிகாரி ரைதிஸ் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கல்யாணம் ஆகாத ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு லீகோவில் என்ன வேலை என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்புக்காக அவர் பிற்பாடு நொந்துகொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

வெல்கா ரஷ்ய எல்லையோரத்துக் கார்சாவாவில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் துடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒன்றியத்தின் சட்டங்களையெல்லாம் லாட்விய மொழிக்குக் கொண்டுவர ஆள் தேடினார்கள். அந்த வழியாகத்தான் அவள் அமைச்சகத்துக்குள் வந்தாள். டிராக்டர் இருக்கை எவ்வளவு உயரம் இருக்கலாம், தேன் பாட்டிலில் என்ன எழுதலாம் என்று பக்கம் பக்கமாகப் பெயர்த்துத் தள்ளினாள். பெயர்த்துப் பெயர்த்து, எந்த வார்த்தையில் யார் எதை ஒளித்துவைப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. பதவி மட்டும் நத்தை வேகத்தில்தான் வந்தது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அதுதான் காரணம்.

ஒன்றியத்தில் இருபத்தேழு நாடுகள். ஆறு மாதத்துக்கு ஒரு நாடு தலைமை நாற்காலியில் உட்காரும். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் மறுபடி முறை வரப் பதின்மூன்று வருஷம் ஆகும். ஆறு மாதத்தில் யாரும் எதையும் முடித்துக் கிழித்துவிட முடியாது என்பதால், அடுத்தடுத்து வரும் மூன்று நாடுகள் கூடி உட்கார்ந்து பதினெட்டு மாதத்துக்கு ஒரு வேலைத்திட்டம் எழுதும். அந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் ஏறிவிட்டால் யாராவது எப்போதாவது அதைக் கையில் எடுத்தாக வேண்டும். ஏறாவிட்டால் அதை நாய்கூட மோந்து பார்க்காது. இந்த முறை அமைந்த மூன்று பேரில் முதலாவது ஒரு பெரிய நாடு, இரண்டாவது ஒரு நடுத்தர நாடு, கடைசி நாங்கள். எங்கள் சார்பில் அந்தத் திட்டத்தை எழுதும் வேலை வெல்காவுக்கு வந்தது.

அவள் அதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள். ஒன்றியத்துக்குள் நாடு விட்டு நாடு போய்ப் பண்ணைகளில் பருவகால வேலை செய்பவர்கள் தங்கும் இடங்களுக்குக் குறைந்தபட்ச விதிகள் வகுக்கப்படும் என்பது அந்த வாக்கியம். வெளியிலிருந்து வருகிறவனுக்காவது ஏதோ விதி இருந்தது. உள்ளுக்குள்ளேயே போகிறவன் எங்கே படுக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் ஸ்ட்ராபெரி பறிக்கவும் காளான் வெட்டவும் போனவர்கள்தானே, எங்கள் அமைச்சரவைக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை லாட்வியாவின் நிலைப்பாடு என்று ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வெல்காவின் தம்பி இல்மார்ஸும் அப்படிப் போனவன்தான். அந்தப் பெரிய நாட்டில் ஏதோ ஒரு பண்ணை. கப்பலில் சரக்கு ஏற்றும் ஜன்னலில்லாத இரும்புப் பெட்டிக்குள் எட்டுப் பேர். ஏப்ரல் குளிருக்கு உள்ளே எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அடுப்பின் நச்சுக்காற்று உள்ளேயே நிறைந்து, இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. இல்மார்ஸ் எழுந்தான். ஆனால் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பான். அக்காவோடு ரீகாவில் ஒரு இரண்டறை வீட்டில் இருக்கிறான். சமையல் அவன் பொறுப்பு. பட்டாணியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, தூதரக விருந்தில் இப்படித்தான் போடுவார்களாம் என்று அக்காவிடமே கதை விடுவான்.

மூன்று நாட்டுக்காரர்களும் பிரஸ்ஸல்ஸில் கூடிப் பேசியபோது, அந்த வாக்கியம் வேண்டாம் என்று முதலில் சொன்னவர் பெரிய நாட்டு அதிகாரி. தினம் ஒரு பட்டு டை கட்டி வருவார், அதனால் எங்கள் ஆட்கள் அவருக்குப் பட்டு டை என்றே பேர் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய நாட்டில் பண்ணை முதலாளிகள் கத்துவார்கள், அது அவருக்குத் தெரியும். பண்ணைத் தங்குமிடமெல்லாம் அந்தந்த நாட்டின் சொந்த விவகாரம், ஒன்றியம் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். இரண்டாவது நாட்டுக்காரர் கடைசியில் பேசியவர் யாரோ அவர் பக்கம் தலையாட்டுகிறவர். அன்று கடைசியில் பேசியவர் பட்டு டை.

வெல்கா எழுந்து நிற்கக்கூட இல்லை. "கூண்டுக் கோழிக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர் இடம் கொடுக்கணும்னு நம்மகிட்ட சட்டம் இருக்கு. அதை எங்க மொழிக்குக் கொண்டுவந்தவ நான்தான். கோழிக்கு ஒன்றியம் மூக்கை நுழைக்கலாம், மனுஷனுக்கு நுழைக்கக் கூடாதா?" என்றாள்.

மேசையில் இரண்டொருவர் சிரித்தார்கள். பட்டு டை சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து காபிக்குப் போகும்போது ரைதிஸை ஓரங்கட்டி, உங்கள் துறைப் பெண்மணிக்குச் சொந்தக் கதை ஏதோ இருக்கிறதாமே என்று மெல்லக் கேட்டிருக்கிறார். தலைமைப் பொறுப்புக்கு வரும் நாடு நடுநிலையாக இருக்க வேண்டும், வீட்டு விஷயத்தை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் வாதம். கூடவே இன்னொன்றும் சொன்னார். எங்கள் பால்டிக் பக்கத்தை மற்ற ஐரோப்பாவோடு இணைக்கும் ரயில் பாதையைத் திட்டத்தின் முதல் பக்கத்துக்கு ஏற்றித் தருவதாகச் சொன்னார். ரைதிஸுக்கு அந்த ரயில் பாதை என்றால் உயிர். அதைக் கொண்டுவந்தவர் என்று பேர் வாங்கினால் அடுத்த வருஷம் தூதர் ஆகலாம். ஒரு வாக்கியம் போனால் போகிறது என்று அங்கேயே கை கொடுத்துவிட்டார்.

இதை வெல்காவிடம் விமானத்தில்தான் சொன்னார், அவள் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்து. அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் ரயில், ரயில் என்றே பதில் வந்தது. கடைசியில் அவர் அவள் தம்பியைப் பற்றி எடுத்தார். நீங்கள் இல்மார்ஸுக்காகத்தான் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று நாலு பேர் பேசுகிறார்கள், அது உங்களுக்கும் நல்லதில்லை, துறைக்கும் நல்லதில்லை என்றார். வெல்காவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கி மடியெல்லாம் தேநீர். ரீகா வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் இல்மார்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தான். பதினெட்டு மாதத்துக்கு ஒரு வாக்கியம், அதுக்கா இத்தனை கூத்து என்று முதலில் கிண்டல் செய்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்தான்.

"அக்கா, என்னைக் காட்டி அழுது வாங்கறதா இருந்தா வேண்டாம். அப்படி வாங்கினா, நான் கார்சாவாவுக்கே போயிடுவேன். ஆனா நான் உன் தம்பிங்கறதுக்காக நீ வாயை மூடிக்கிட்டேன்னு வை, அது அதைவிடக் கேவலம். சண்டை போடறதுன்னா ஒழுங்காப் போடு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் பேசி முடிந்தபின் கடைசி வாசகத்தை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, இன்ன நாள் இன்ன நேரம் வரை மௌனம் என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாரும் சம்மதம். கையெழுத்து வேண்டாம், கூட்டம் வேண்டாம். சும்மா இருந்தால் போதும். யாராவது ஒரே ஒரு நாடு ஆட்சேபித்தால் மௌனம் கலைந்தது, வாசகம் நின்றது. சும்மா இருப்பதை இவ்வளவு சுலபமாக்கி வைத்த உலகம் வேறெங்கும் இல்லை.

பட்டு டை அந்த வாக்கியத்தை வெட்டிய வாசகத்தை மௌனத்தில் விட்டார். கெடு ஜூன் இருபத்து மூன்று, நண்பகல். எங்கள் லீகோவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நாள்காட்டியில் சாதாரண வேலை நாள் மாதிரி இருந்தது, வைத்துவிட்டார். ரைதிஸுக்கோ அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கணக்கு. ஒத்துக்கொள்ளுங்கள் என்று அவர் யாருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டியதில்லை. நாடே காட்டில் இருக்கும், மௌனம் தானாகக் கடந்துபோகும். ஊருக்குக் கிளம்பும்போது வெல்காவின் அறை வாசலில் நின்று, "நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் வெல்கா. சும்மா இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை அந்த மாடியில் அவள் மட்டும். கீழே தெருவில் கடைசிக் கார்களும் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒருத்தி பூக்கிரீடத்தோடு தோழிகளைக் கத்திக் கூப்பிட்டாள். வெல்கா கணினி முன் உட்கார்ந்து முதலில் வழக்கப்படி எழுதினாள். மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்று ஆரம்பித்தாள். எழுதியதைப் படித்துப் பார்த்தாள். எனக்கு என்ன வருத்தம், ஒரு மண்ணும் இல்லை என்று தோன்றியது. அழித்தாள். லாட்வியா மௌனத்தைக் கலைக்கிறது, தங்குமிடம் பற்றிய வாக்கியம் இல்லாத வாசகத்தை ஏற்கவில்லை என்று மட்டும் எழுதி, கெடுவுக்கு முன்பே மற்ற இரண்டு தலைநகருக்கும் அனுப்பினாள்.

சாயங்காலம் ரைதிஸ் கூப்பிட்டார். பின்னால் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், லீகோ, லீகோ என்று. அவர் குரலில் பீரும் ஆத்திரமும் கலந்து கிடந்தன. பட்டு டை அவரைக் காட்டிலேயே போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். உடனே பணியாளர் தவறால் அனுப்பப்பட்டது என்று இன்னொரு கடிதம் போடச் சொன்னார்.

"தப்புன்னு எழுத மாட்டேன், ரைதிஸ். நான் படிச்சேன், புரிஞ்சுது, ஒத்துக்கல. இதுல எது தப்பு?" என்றாள் வெல்கா. "நீங்க வேணும்னா எழுதுங்க. லாட்வியா இந்த வாக்கியத்தை விட்டுக்கொடுக்குதுன்னு உங்க கையெழுத்துல எழுதுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டார். அமைச்சரவை ஒப்புக்கொண்டு அனுப்பிய நிலைப்பாட்டைக் காபி குடித்துக்கொண்டே வாய்வார்த்தையில் விட்டுக்கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நாடாளுமன்றத்தில் யார் பதில் சொல்வது? தனக்கு மேலே இருந்தவரிடம் கேட்டார். அவரும் போடவில்லை. அவருக்கு மேலே இருந்தவர் லீகோ முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் போனை எடுத்தார், எடுத்தும் நழுவிவிட்டார். ஜூலை முதல் தேதி பெரிய நாடு நாற்காலியில் உட்கார வேண்டும். திட்டம் இல்லாமல் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். பட்டு டை பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்தார். ரயில் பாதையை மட்டும் முதல் பக்கத்திலிருந்து இறக்கி ஒன்பதாம் பக்கத்தில் போட்டார்.

வெல்காவுக்கு அதற்கான கூலி கிடைத்தது. எங்கள் முறை வரும்போது தொழிலாளர் விஷயங்களைப் பேசும் குழுவுக்கு அவள்தான் தலைமை வகிப்பாள் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. அவளும் ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதை மறைக்கவும் இல்லை, அதற்கென்று சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டுகூடத் தைத்து வைத்திருந்தாள். பட்டியல் வந்தபோது அந்த இடத்தில் ரைதிஸின் பேர் இருந்தது. அவள் கழிப்பறைக்குப் போய் அழுதாள். அழவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த முறை வரும்போது அவள் ஓய்வு பெற்று வெள்ளரிக்காய் போட்டுக்கொண்டிருப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தாள்.

அவளை ரீகாவிலேயே விட்டுவிட்டுப் போகவும் ரைதிஸால் முடியவில்லை. குழுவில் வரும் விஷயங்களின் தலையும் வாலும் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அதனால் கூட்டிக்கொண்டு போய் ஓரத்து இருக்கையில் உட்கார்த்தினார். தலைமை நாற்காலியில் இருக்கும் ஆளுக்கு அந்த ஆறு மாதமும் நாடு கிடையாது, அவர் எல்லாருக்கும் பொது. அவருடைய நாட்டின் பேர்ப்பலகைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார வேண்டும். அது தலைவருக்கு வலப்பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அங்கே இருப்பவர் வாயைத் திறப்பதில்லை. தன் நாட்டு ஆளே தலைவராக இருக்கும்போது என்னத்தைப் பேசுவது? சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை, இருந்தாலும் எல்லாரும் அப்படித்தான். ரைதிஸ் யோசித்துத்தான் அவளை அங்கே வைத்தார்.

முதல் நாட்டின் ஆறு மாதத்தில் அந்த வாக்கியத்தை யாரும் தொடவில்லை. இரண்டாவது நாடு ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று கீழே வைத்தது. எங்கள் முறை வந்து கோடை போய் இலையும் உதிர்ந்தது, அது குழுவின் மேசைக்கு வந்தபாடில்லை. டிசம்பரில் கடைசிக் கூட்டம். கடைசிப் பொருளாக அதைப் போட்டிருந்தார்கள், விவாதத்துக்கு அல்ல, அடுத்து வருபவர்களின் கவனத்துக்கு விடலாம் என்ற குறிப்போடு. அடுத்த மூவரின் திட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அன்று போனால் போனதுதான்.

ரைதிஸ் அதை வேகமாக வாசித்தார். நேரம் போதாமையால் இதை அடுத்த தலைமைக்கு விட்டுவிடலாம், ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன் என்றார். அந்த அறையில் பேச விரும்புகிறவர் தன் நாட்டுப் பேர்ப்பலகையை எடுத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். ரைதிஸ் இடப்பக்கம் பார்த்தார், எதிரே பார்த்தார். ஒரு பலகையும் எழவில்லை. சுத்தியலை எடுத்தார்.

அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் லாட்வியாவின் பலகை செங்குத்தாக நின்றது.

அதைப் பார்க்காதவர் மாதிரி இருந்தார். எதிர் வரிசையில் மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டியிருந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தன் நாட்டுப் பலகைக்குப் பின்னால் இருந்த பட்டு டை நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் செயலகத்து அம்மாள் குனிந்து, "தலைவரே, ஒரு நாடு பேசணும்னு கேக்குது" என்றாள். எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் அசிங்கம். ஒலிவாங்கியை நெருங்கி, "லாட்வியா" என்று அழைத்தார்.

வெல்கா சாம்பல் கோட்டைத்தான் போட்டிருந்தாள். பதினெட்டு மாதத் திட்டத்தில் மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்டு எழுதிய வாக்கியம் இது, மூன்றாவது நாடு நாங்கள், எங்களுக்குப் பிறகு இதற்கு நாதியில்லை என்றாள். லாட்வியா இதை அடுத்தவருக்குத் தள்ளுவதை ஏற்கவில்லை, இன்றைக்கே விவாதிக்கக் கோருகிறது என்றாள். அந்த இரும்புப் பெட்டியில் எழுந்திருக்காத இரண்டு பேரின் பேரையும் ஊரையும் சொன்னாள். இல்மார்ஸின் பேரைச் சொல்லவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒருவர் தன்னிச்சையாக மேசையைத் தட்டிவிட்டுப் பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

ஒரு நாடு ஏற்கவில்லை என்றால் பொருளைத் தள்ள முடியாது. ரைதிஸ் கால் மணி நேரம் இடைவேளை அறிவித்தார். எல்லாரும் காபிக்கு எழுந்தபோது அவர் நாற்காலியைத் திருப்பி அவள் பக்கம் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நாளைக்குக் காலையில முதல் விமானத்துல உங்களை ஊருக்கு அனுப்பறேன் வெல்கா. இதோட உங்க பிரஸ்ஸல்ஸ் முடிஞ்சுது."

"தாராளமா அனுப்புங்க" என்றாள் அவள். "ஆனா இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நான்தான் லாட்வியா. நீங்க இல்ல. உங்களுக்கு இப்ப நாடே கிடையாது. இடைவேளை முடிஞ்சதும் முதல்ல என்னைத்தான் கூப்பிடணும், தலைவரே."

ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். லாட்வியாவின் பலகை செங்குத்தாகவே நின்றது. ரைதிஸ் ஒலிவாங்கியைத் திறந்து முதலில் அவளைத்தான் அழைத்தார்.